வால் முன்னே வந்த கதை: திரைப்பட முன்னோட்டத்தின் வரலாறு

 

'டிரெய்லர்' என்று சொன்னவுடன் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எது நினைவுக்கு வரும்? டிராக்டருக்குப் பின்னால் கொக்கி மாட்டி, செம்பனைக் குலைகளைச் சுமந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி வருமே, அந்த வண்டிதான் நினைவுக்கு வரும். பட்டணத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். படக்கொட்டகையில் விளக்கு அணைந்ததும், நாம் காசு கொடுத்துப் பார்க்க வந்த படத்திற்கு முன்னால், இனிமேல் வரப்போகும் படங்களிலிருந்து ஓடுமே இரண்டு நிமிடத் துண்டுப் படம், அதுதான் டிரெய்லர் என்பார்கள்.

இரண்டு பதிலும் சரியே. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் 'பின்னால் இழுபட்டு வருவது' என்று பொருள். டிராக்டர் வண்டிக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. ஆனால் படத்திற்கு முன்னால் ஓடுகிற துண்டுக்குப் பின்னால் வருவது என்று பெயர் வைப்பானேன்? தமிழில் நாம் அதை 'முன்னோட்டம்' என்கிறோம். ஒரே பொருளுக்கு ஒரு மொழி பின் என்கிறது, மற்றொரு மொழி முன் என்கிறது! இந்த முரண்பாட்டுக்குள் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

பரிசளிப்பு விழா மலரில் சினிமாப் பேச்சு எதற்கு என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். இது நடிகர் நடிகையர் பற்றிய கட்டுரை அல்ல. நம் வீட்டுப் பணமும் நம் பிள்ளைகளின் புத்தியும் சம்பந்தப்பட்ட விஷயம்.

பிறந்த கதை

1913-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மார்கஸ் லோ என்பவருக்குச் சொந்தமாகப் பல படக்கொட்டகைகள் இருந்தன. அவற்றின் விளம்பரப் பொறுப்பாளர் நில்ஸ் கிரான்லண்ட். அச்சமயம் 'தி பிளஷர் சீக்கர்ஸ்' என்ற இசை நாடகம் மேடை ஏற இருந்தது. அதன் ஒத்திகைக் காட்சிகளைக் கொண்டு ஒரு சிறு படம் செய்து, தம் முதலாளியின் கொட்டகைகளில் ஓட்டிக் காட்டினார் கிரான்லண்ட். முதல் முன்னோட்டம் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். வேடிக்கையைப் பாருங்கள்! முதல் சினிமா முன்னோட்டம் ஒரு சினிமாவுக்காக எடுக்கப்படவில்லை. மேடை நாடகத்துக்காக எடுக்கப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில் சிகாகோ நகரைச் சேர்ந்த செலிக் என்னும் பட நிறுவனம் 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேத்லின்' என்ற தொடர்படத்தை வெளியிட்டது. மொத்தம் 13 பாகங்கள். கதை நடக்கும் இடம் எது தெரியுமா? இந்தியாவில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு ராஜ்ஜியம்! கதாநாயகி சிங்கம், புலி, சதிகாரர்கள் என்று ஆபத்துக்கு மேல் ஆபத்தில் சிக்குவாள். அவள் தப்பினாளா இல்லையா என்று தெரிவதற்குள் அன்றைய பாகம் முடிந்துவிடும். மீதியைத் தெரிந்துகொள்ள மறுபடியும் காசு கொடுத்து வர வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது முக்கியமான இடத்தில் நிறுத்தி, "மீதி நாளைக்கு, இப்ப தூங்கு" என்பாரே, அதே தந்திரந்தான். பாட்டி காசு கேட்க மாட்டார், அதுதான் வித்தியாசம்.

அக்காலக் கொட்டகைகளில் படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். சீட்டு வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஆகவே அடுத்த வாரத்துப் படத்தின் விளம்பரத் துண்டை, ஓடி முடிந்த படச்சுருளின் வாலில் ஒட்டிவிட்டார்கள். படத்தின் பின்னால் இழுபட்டு வந்ததால் அதற்கு 'டிரெய்லர்' என்று பெயர் வந்தது.

ஆனால் ஒரு சிக்கல். படம் முடிந்ததும் சனங்கள் எழுந்து போய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு விளம்பரம் காட்டி என்ன பயன்? ஆகவே காலப்போக்கில் அத்துண்டை முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். படம் பார்க்க ஆவலோடு உட்கார்ந்திருப்பவன் எழுந்து போகமாட்டான் அல்லவா? இப்படியாக வால் தலைப்பக்கம் வந்துவிட்டது. பெயர் மட்டும் வாலாகவே நின்றுவிட்டது. தமிழில் நாம் வைத்த பெயர்தான் இப்போதைய நிலைக்குப் பொருத்தமானது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

விளம்பரமே வியாபாரமான விதம்

1919-இல் நியூயார்க்கில் 'நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்' என்ற நிறுவனம் தோன்றியது. படங்களை எடுப்பது அதன் வேலையல்ல. முன்னோட்டங்களைச் செய்து கொட்டகைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதே அதன் தொழில். நாளடைவில் பெரிய ஸ்டுடியோக்களே தங்கள் படங்களிலிருந்து காட்சிகளை அந்த நிறுவனத்திடம் கொடுத்தன. பல பத்தாண்டுகள் அமெரிக்க முன்னோட்டங்களில் பெரும்பகுதி அதன் கையில்தான் இருந்தது. கடை வாசலில் தொங்கும் விளம்பரப் பலகைக்கே கடைக்காரர் வாடகை கட்டுவதைப் போன்றது இது. கட்டிய வாடகை கடைசியில் யார் தலையில் விழும்? சீட்டு வாங்குகிறவர் தலையில்தான்.

ஊமைப் படங்களின் காலத்தில் முன்னோட்டமும் ஊமையாகவே இருந்தது. திரையில் பெரிய பெரிய எழுத்துக்கள் பாய்ந்து வந்து ஆச்சரியக்குறி போடும். 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து படங்களைப் பேச வைத்தது. அதன் முன்னோட்டத்தில் ஒருவர் தோன்றி, பார்வையாளரைப் பார்த்து நேரடியாகவே பேசினார். சந்தையில் நின்று கூவி விற்பதைப் போல, சினிமாவும் தன்னைத் தானே கூவி விற்கத் தொடங்கியது.

இத்தொழிலிலும் கெட்டிக்காரர்கள் உண்டு. 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தின் இயக்குநரும் கதாநாயகரும் ஆர்சன் வெல்ஸ் என்பவரே. ஆனால் முன்னோட்டத்தில் அவர் முகத்தையே காட்டவில்லை. குரலை மட்டும் கொடுத்து, மற்ற நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து, "யார் இந்தக் கேன்?" என்ற ஆவலைக் கிளப்பிவிட்டார். 1960-இல் 'சைக்கோ' என்ற திகில் படத்துக்கு ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த முன்னோட்டம் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. வீடு விற்பனைத் தரகர் போல அவரே ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வருவார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், பாதியில் நிறுத்திவிடுவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுத்ததும் ஒரு பெண் அலறுவாள். அந்த அலறலைக் கொடுத்தவர் வேரா மைல்ஸ். படத்தில் அக்குளியலறையில் அலறுபவரோ ஜேனட் லீ! ஆக, காட்டியது ஒருவரை, படத்தில் இருந்தது வேறொருவர்.

1975-இல் 'ஜாஸ்' என்ற சுறாமீன் படம் வந்தபோது, வெளியீட்டுக்கு முந்திய நாட்களில் தொலைக்காட்சியில் அரை நிமிட விளம்பரங்களை இடைவிடாமல் ஒளிபரப்பினார்கள். பிறகு 400-க்கும் மேற்பட்ட கொட்டகைகளில் ஒரே நாளில் திரையிட்டார்கள். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் வாயிலாக ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்பே, கொட்டகை நிறைந்துவிட வேண்டும் என்ற கணக்கு இதன் பிறகுதான் வலுப்பட்டது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1998 நவம்பரில் இன்னொரு அதிசயம். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் மறு ஆண்டு வரவிருந்த படத்தின் முன்னோட்டத்தை அமெரிக்காவில் சில கொட்டகைகளில் வேறு படங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். முழுச்சீட்டு வாங்கி உள்ளே போய், அந்த முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஓட வேண்டிய படம் தொடங்கியதும் எழுந்து போனவர்கள் பலர். பாயசத்தை விட்டுவிட்டுப் பாயசத்தின் வாசனைக்குக் காசு கொடுத்த கதைதான்!

நம்மவர் கண்ட முன்னோட்டம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? நம்மவர்களும் இந்தக் கலையில் சளைத்தவர்கள் அல்லர். நாம் பார்த்து வளர்ந்தது தமிழ்ப் படம் ஆதலால், அது பிறந்த தமிழ்நாட்டிலிருந்து தொடங்குவோம்.

1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1931 அக்டோபர் 31-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் திரையிடப்பட்டது. அந்தக் காலத்தில் ஊர் சனங்களுக்கு முன்னோட்டம் என்பது வண்டியில் வரும். இருபுறமும் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு தெருத் தெருவாக வரும் வண்டியிலிருந்து நோட்டீசுகள் பறக்கும். பிள்ளைகள் அதைப் பொறுக்கப் பின்னாலேயே ஓடுவார்கள். 'சந்திரலேகா' படத்தை ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய் செலவில் எடுத்து 1948-இல் வெளியிட்ட எஸ்.எஸ். வாசன், முன்பு விளம்பரத் தொழில் செய்தவர். அதுவரை இல்லாத அளவுக்கு அப்படத்தை விளம்பரப்படுத்தினார். நல்ல படத்துக்கும் கூவல் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட முடியுமா? படத்தின் பாடல்களோடு கதைச் சுருக்கமும் அதில் இருக்கும். கதாநாயகிக்கு ஆபத்து வரும் இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். கீழே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். முன்னோட்டத்தின் தத்துவம் முழுவதும் இந்த மூன்று சொற்களில் அடங்கிவிட்டது என்றால் மிகையாகாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் படவண்டிகள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டின. கதைப்படம் பார்க்கவோ பட்டணத்துக் கொட்டகைக்குப் போக வேண்டும். கொட்டகை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 'நெக்ஸ்ட் சேஞ்ச்' என்றும் 'அக்கான் டாத்தாங்' என்றும் தலைப்பிட்டுப் படங்கள் ஒட்டியிருக்கும். இன்றைய படத்தைப் பார்த்து முடித்து லோரியில் ஏறும்போதே, அடுத்த சம்பளத்துக்கு எந்தப் படம் என்று பேச்சு கிளம்பிவிடும். சம்பளப் பணம் கைக்கு வருமுன்னே அதில் ஒரு பகுதி செலவாகிவிட்டது பாருங்கள்!

இன்று கொட்டகைக்குப் போகவே தேவையில்லை. முன்னோட்டம் கைத்தொலைபேசியில் வந்து, அடுக்களையிலும் படுக்கையிலும் பிள்ளைகளின் கண்முன் நிற்கிறது. முன்னோட்டத்துக்கு முன்னால் அதற்கே ஒரு முன்னோட்டம் விடுகிறார்கள்.

நீதிமன்றம் ஏறிய முன்னோட்டங்கள்

முன்னோட்டத்தில் காட்டியது படத்தில் இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்கலாமா? இந்தக் கேள்வி இரண்டு நாட்டு நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது.

2019-இல் வந்த 'யெஸ்டர்டே' என்ற ஆங்கிலப் படத்தின் முன்னோட்டத்தில் ஆனா டி ஆர்மஸ் என்ற நடிகை தோன்றினார். படத்திலோ அவர் நடித்த பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அவருக்காகவே ஆளுக்கு 3 டாலர் 99 காசு கட்டிப் படத்தை வாடகைக்கு எடுத்த இருவர் 2022-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். "முன்னோட்டம் ஒரு கலைப்படைப்பு, அதற்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு" என்று பட நிறுவனம் வாதாடியது. "முன்னோட்டம் விளம்பரமே. பொய் விளம்பரத்துக்கு எதிரான சட்டம் அதற்கும் பொருந்தக்கூடும்" என்ற கருத்தில் நீதிபதி அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கைத் தொடர அனுமதித்தார். ஆயினும், மறு ஆண்டில் வேறு காரணங்களால் அவ்விருவருடைய கோரிக்கை நிற்கவில்லை.

மற்றொன்று இந்தியாவில். 2016-இல் ஷாருக் கான் நடித்து வெளிவந்த 'ஃபேன்' படத்தின் விளம்பரங்களில் ஒரு பாட்டு ஓயாமல் காட்டப்பட்டது. அதைக் கண்டு குடும்பத்தோடு போன ஓர் ஆசிரியைக்குப் படத்தில் அந்தப் பாட்டே இல்லை! அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மேல் முறையீட்டில் மாநில ஆணையம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2024 ஏப்ரல் 22-இல் தீர்ப்பு வந்தது. முன்னோட்டம் என்பது ஒப்பந்தமும் அல்ல, வாக்குறுதியும் அல்ல, அதில் காட்டிய பாட்டு படத்தில் இல்லாததால் மட்டும் சேவைக் குறைபாடு ஆகிவிடாது என்று கூறி, இழப்பீட்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

சட்ட நுணுக்கம் எனக்குத் தொழில் அல்ல. ஆனால் ஒன்று தெளிவாகிறது. இரண்டு நாட்டிலும் சீட்டுக் காசு திரும்பி வரவில்லை. ஆகவே நம்மைக் காப்பாற்ற வேண்டியது நம் புத்திதான்.

வகுப்பறையில் ஒரு சோதனை

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு நன்னெறிப் பாடத்தில் ஒரு புதுப்படத்தின் முன்னோட்டத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பிறகு, "இந்தப் படத்தின் கதை என்ன? பத்து வரியில் எழுதுங்கள்" என்றேன். பதினெட்டுப் பிள்ளைகள் பதினெட்டுக் கதை எழுதினார்கள். ஒருவன் வில்லன் என்று எழுதிய ஆளை இன்னொருவன் கதாநாயகனின் அண்ணன் என்று எழுதினான். பிறகு மறுபடியும் படத்தை ஓட்டி, "இப்போது கதையைப் பார்க்காதீர்கள், எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்" என்றேன். பின் வரிசையில், அதிகம் பேசாத ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். "சார், ஒவ்வொரு துண்டும் ரெண்டு வினாடிகூட நிக்கலையே. அவர் அழறது ஒரு இடம், இவங்க ஓடுறது வேற இடம். இவங்களுக்காகத்தான் அவர் அழறாருன்னு நாமளா நினைச்சுக்கிட்டோம்" என்றாள்.

அப்பிள்ளை சொன்னது மிகப் பெரிய விஷயம். முன்னோட்டம் பொய் சொல்வதில்லை. துண்டு துண்டாகக் காட்டி, நடுவே இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியை நம் ஆசையைக் கொண்டு நாமே நிரப்பிக்கொள்கிறோம். அதைக் கண்டுகொண்ட பிள்ளை இனிமேல் எந்த விளம்பரத்தையும் சும்மா பார்க்காது.

நம் பாட்டனார் பார்த்த முன்னோட்டம்

தோட்டத்து மக்களாகிய நமக்கு இந்தப் பாடம் புதியதல்ல. அந்தக் காலத்தில் மலாயாவிலிருந்து கங்காணி தம் சொந்த ஊருக்குப் போவார். நல்ல உடுப்பு உடுத்தி, கையில் காசோடு, கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து தோட்டத்துப் பெருமை பேசுவார். காட்டையும் காய்ச்சலையும் பற்றிப் பேச்சு வராது. விடிகாலைப் பெரட்டும், மழையில் வெட்டு இல்லாத நாளும், கழித்துக் கழித்து மிஞ்சும் சம்பளமும் அந்தக் கதையில் இடம்பெறாது. கண்டது கொஞ்சம், மீதியை ஆசையால் நிரப்பிக்கொண்டு நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளரை அழைத்து வருவதைத் தடை செய்யும் வரை இப்படி ஆள் சேர்க்கப்பட்டது. வந்தவர்கள் முழுப் படத்தையும் பார்த்தார்கள். அதற்குத் தங்கள் ஆயுளையே சீட்டாகக் கொடுத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. பஞ்சத்தில் இருந்தவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? எழுத்தறிவும் இல்லை, விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. நம் நிலைமை அப்படியா? இல்லையே! நமக்குப் பள்ளி இருக்கிறது, படிப்பு இருக்கிறது. இருந்தும், உடனடிக் கடன் என்றும், வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்றும் தொலைபேசியில் வரும் அழகான விளம்பரங்களுக்கு நம்மவர்கள் பணத்தைப் பறிகொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவையும் முன்னோட்டங்களே. சினிமாவில் ஏமாந்தால் சீட்டுக் காசோடு போயிற்று. இவற்றில் ஏமாந்தால் பிள்ளையின் படிப்புக் காசும் சேர்ந்து போய்விடும்.

பெற்றோர்களே! சினிமாவே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல முன்னோட்டம் நல்ல சமையல் வாசனையைப் போல. அதை இரசிக்கலாம், அதில் தவறில்லை. அடுத்த முறை பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முன்னோட்டத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இதை யார் காட்டுகிறார்கள், எதற்காக? எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்? பிடிக்காமல் போனால் நட்டம் யாருக்கு? பிறகு, முதல் நாளே ஓட வேண்டாம், பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லிக்கொடுங்கள். 1975-இல் சுறாமீன் படக்காரர்கள் தடுக்க நினைத்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்!

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறீர்கள். அப்பாவும் அம்மாவும் கைதட்டிப் பூரித்துப் போகிறார்கள். அந்தப் பூரிப்புக்கு நீங்கள் தகுதியானவர்களே. ஆனாலும் இது இரண்டு நிமிட முன்னோட்டந்தான். முழுப்படம் இனிமேல்தான் ஓடப்போகிறது. காட்டியது ஒன்றும் இருப்பது வேறொன்றும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது. இன்று பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முன்னோட்டத்தில் முகம் காட்டாத ஆர்சன் வெல்ஸ்தான் அந்தப் படத்தின் கதாநாயகர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!